அஷ்டமி நிலவைப் படம் பிடிக்க எது தோது: போனா, டிஎஸ்எல்ஆரா, குட்டிக் கேமராவா?

"அண்ணா, கையில ஏழாயிரம் இருக்கு. நிலாவ போட்டோ எடுக்க என்ன வாங்கலாம்?" என்று எதிர்வீட்டுத் தம்பி மொட்டை மாடிக்கு வந்து நின்றான். போன தீபாவளிக்கு 76 மி.மீ. ஆடி (கண்ணாடி) வைத்த தொலைநோக்கி ஒன்று வாங்கியிருக்கிறான். தினமும் பார்க்கிறான், அலுக்கவில்லை. இப்போது ஊரில் இருக்கும் மாமாவுக்கு அனுப்பப் படம் வேண்டுமாம்.

இதே கேள்வியோடு இந்த வருஷம் வந்த மூன்றாவது ஆள் அவன். முதலில் வந்தவர் கொருக்குப்பேட்டையில் இருக்கும் அலுவலக நண்பர், அவர் வீட்டில் டிஎஸ்எல்ஆர், அதாவது லென்ஸைக் கழற்றி மாற்றும் பெரிய கேமரா, ஏற்கெனவே இருந்தது. அடுத்தவர் பெரம்பூரில் ஒரு பள்ளி ஆசிரியை. மூன்று பேருக்கும் மூன்று விதமாகப் பதில் சொன்னேன். அவரவர் கையில் இருந்த தொலைநோக்கிக் குழாய் வேறு, மாடியில் கிடைக்கும் நேரம் வேறு.

வடசென்னையில் உட்கார்ந்துகொண்டு வானம் பார்ப்பதா என்று சிரிப்பவர்கள் உண்டு. துறைமுக விளக்குகள், மணலி ஆலையின் தீ, எண்ணூர் பக்கத்துப் புகைபோக்கிகள் எல்லாம் சேர்ந்து பால்வீதியைத் துடைத்துவிட்டது உண்மைதான். நிலவை இவை ஒன்றும் செய்வதில்லை. அது நேர் வெயிலில் கிடக்கும் பாறை, எந்தத் தெருவிளக்கும் அதை மங்கவைக்காது. இன்னொரு அதிர்ஷ்டமும் நமக்கு உண்டு. 13 பாகை அட்சரேகையில் இருப்பதால் நிலவு பல மாதங்களில் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே போகும். தலைக்கு மேலே இருந்தால் குறுக்கே இருக்கும் காற்று குறைவு, படம் குறைவாக அலைபாயும். லண்டன்காரனுக்கு இது கிடைக்காது.

## எதை வைத்து எடை போடுவது

நான் நாலு விஷயம் கேட்பேன். முழு நிலவு வேண்டுமா, ஒற்றைப் பள்ளத்தை நெருக்கத்தில் காட்ட வேண்டுமா? உங்கள் தொலைநோக்கி அந்தக் கேமராவின் எடையைத் தாங்குமா, அதில் ஃபோகஸ் கிடைக்குமா? மாடி ஏறி, எடுத்து, கட்டி வைத்து இறங்க எத்தனை நேரம் செலவிட முடியும்? வாங்கிய பிறகு எங்கெல்லாம் காசு போகும்? விலைப்பட்டியலில் பார்ப்பது இந்தக் கடைசிக் கேள்வியில் பாதிதான்.

ஒரு கணக்கு மட்டும் மனதில் இருக்கட்டும். தொலைநோக்கியின் குவியத் தூரத்தை 110 ஆல் வகுத்தால், அதன் பின்னால் விழும் நிலவுப் பிம்பத்தின் அளவு வரும். தம்பியின் குழாய் 700 மி.மீ., எனவே அவன் நிலவு 6 மி.மீ.க்குச் சற்று மேல், சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. என்னுடையது 114 மி.மீ. ஆடி, 900 மி.மீ. குவியத் தூரம்; பிம்பம் 8 மி.மீ. இந்தப் பொத்தானை எதில் பிடிக்கிறோம் என்பதுதான் கேள்வி.

## அதற்கு முன்னால் நாள் பார்க்க வேண்டும்

இதைச் சொல்லாமல் கேமராவுக்குப் போக மாட்டேன். எல்லோரும் பௌர்ணமியன்றுதான் மாடி ஏறுகிறார்கள். பௌர்ணமியில் சூரியன் நிலவின் முகத்தில் நேராக அடிக்கிறது, நிழலே விழாது. நடுப்பகலில் எடுத்த கல்யாண போட்டோ மாதிரி எல்லாம் தட்டையாக இருக்கும். எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமையில் பௌர்ணமி வந்தால் மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், திருமுல்லைவாயல் கொடியிடையம்மன் மூவரையும் ஒரே நாளில் தரிசிக்கக் கூட்டம் கிளம்பும். பௌர்ணமியை அதற்கு விட்டுவிடுங்கள்.

படத்துக்கு நல்ல நாள், வேறு எந்த நல்ல காரியமும் தொடங்காத அஷ்டமியும் நவமியும்தான். வளர்பிறையில் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டருகே சூரியன் அப்போதுதான் உதிக்கிறது. பள்ளங்களின் விளிம்பு நிழல் நீண்டு விழும். வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரே போதும், தனி ஆப் வேண்டாம். திதி என்பது சூரியனுக்கும் நிலவுக்கும் உள்ள கோணம் 12 பாகை கூடும் கணக்கு, ஆகவே அந்தக் கோடு நிலவில் எங்கே நிற்கிறது என்பதைத் திதியே சொல்லிவிடும். சஷ்டியன்று தியோபிலஸ் பள்ளம், அஷ்டமியில் நடுவில் டாலமியும் அப்பென்னைன் மலைத்தொடரும், நவமியில் தெற்கே டைக்கோவும் 200 கி.மீ.க்கு மேல் அகலமான கிளேவியஸும், தசமியில் 93 கி.மீ. அகலமான கோப்பர்நிகஸ். சில மணி நேரம், சில சமயம் அரை நாள்கூட முன்பின் இருக்கும். காலண்டர் தாளில் "மாலை இத்தனை மணி வரை, பின்பு நவமி" என்று போட்டிருப்பதைக் கவனித்து, சாயங்காலம் எந்தத் திதி என்று பாருங்கள்.

மாதங்களில் ஜனவரி முதல் மார்ச் வரை தோது, போகிப் புகை அடங்கும் வரை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை மேகம் விட்டால்தான் உண்டு.

## போனும் பிடிப்பானும்

ஐபீஸுக்கு, அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸுக்கு, மேல் போனை வைத்து எடுப்பது. கையால் வைத்தும் எடுக்கலாம், இருபதுக்கு ஒன்று தேறும். போனையும் ஐபீஸையும் சேர்த்துக் கவ்வும் ஒரு பிடிப்பான் கிடைக்கிறது. நான் பார்த்தவரை சுமார் 500 முதல் 2,000 ரூபாய். வாங்கும்போது திருகுகள் உலோகமா என்று மட்டும் பாருங்கள், பிளாஸ்டிக் திருகு ஆறு மாதத்தில் வழுக்கும்.

முழு நிலவு எடுக்க இதைவிட எளிது எதுவும் இல்லை. 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் தம்பியின் குழாயில் 28 மடங்கு, நிலவு முழுசாக உள்ளே இருக்கும். 10 மி.மீ. போட்டால் 70 மடங்கு, நிலவு விளிம்பைத் தொடும். ஆரம்பத்தில் 25 தான் நல்லது. சின்ன ஐபீஸில் கண் வைக்கும் இடம் நெருக்கமாக இருக்கும், போன் ஒரு நூல் நகர்ந்தாலும் படம் கறுத்துவிடும்.

எல்லோரும் செய்யும் தவறு ஒன்று. போன் இருட்டு வானத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், நிலவு வெள்ளைத் தட்டாக வரும். திரையில் நிலவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, வெளிச்சக் கோட்டைக் கீழே இழுங்கள். "இவ்வளவு இருட்டா?" என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள், அதுதான் சரி. பிறகு மூன்று விநாடி டைமர். விரல் பட்டால் குழாய் ஆடும்.

மறைவாக இருக்கும் சங்கடங்கள் இரண்டு. இரண்டு மூன்று லென்ஸ் உள்ள போன் தானாக ஒரு லென்ஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், பிடிப்பானில் நீங்கள் நேர்படுத்தியது முதல் லென்ஸுக்கு. புரோ மோடில் ஒரே லென்ஸைப் பூட்ட முடிகிறதா என்று முன்பே சோதியுங்கள். இரண்டாவது, சில போன்கள் நிலவு என்று கண்டுகொண்டதும் தாங்களே பள்ளங்களைக் கூர்மையாக்கிக் காட்டும். உங்கள் குழாய் பார்த்தது எது, போன் கற்பனை செய்தது எது என்று தெரியாமல் போகும். நிலவுக் காட்சி, செயற்கை நுண்ணறிவு என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள்.

லென்ஸ் வைத்த தொலைநோக்கியில் ஒளியை 90 பாகை திருப்பும் கண்ணாடி போட்டிருந்தால் படம் இடவலம் மாறி வரும். நிலவு வரைபடத்தோடு ஒத்துப் பார்க்குமுன் திருப்பிக்கொள்ளுங்கள். நானே ஒருமுறை கோப்பர்நிகஸைக் காணோம் என்று அரை மணி நேரம் தேடினேன்.

## டிஎஸ்எல்ஆர்

ஐபீஸைக் கழற்றிவிட்டு, கேமராவின் லென்ஸையும் கழற்றிவிட்டு, வெறும் உடலை நேராகக் குழாயில் மாட்டுவது. இணைக்க டி-ரிங் என்னும் வளையமும் ஒன்றேகால் அங்குலக் குழலும் வேண்டும். இரண்டும் சேர்ந்து சுமார் 1,500 முதல் 3,000 ரூபாய்.

படத் தரத்தில் இது போனைத் தூக்கிச் சாப்பிடும். சாதாரண டிஎஸ்எல்ஆர்களில் இருக்கும் 24 மெகாபிக்ஸல் ஏபிஎஸ்-சி அளவுச் சென்சாரில் என் 900 மி.மீ. குழாயின் நிலவு குறுக்கே 2,000 பிக்ஸலுக்கு மேல் வரும், ஒரே சொடுக்கில் முழு நிலவு. பௌர்ணமிக்குத் திறப்பு எஃப்/11, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100, விநாடியில் நூறில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. அஷ்டமிக்கு அதைவிட நாலு மடங்காவது நேரம் கொடுங்கள், கோட்டருகே இருக்கும் பள்ளங்கள் மங்கல்.

இனி வயிற்றெரிச்சல். கொருக்குப்பேட்டை நண்பரிடம் இருந்ததும் தம்பியிடம் இருக்கும் அதே வகை ஆடித் தொலைநோக்கி. டி-ரிங் வாங்கி மாட்டினோம். நிலவு ஒரு பெரிய மங்கல் வட்டமாக நின்றது. ஃபோகஸ் குழாயை முழுவதும் உள்ளே தள்ளினோம், இன்னும் இரண்டு விரற்கடை உள்ளே போக வேண்டும், வழி இல்லை. இப்படிப்பட்ட சின்ன ஆடிக் குழாய்கள் பலவற்றில் குவியம் கேமராவின் சென்சாரை எட்டாது. கடைக்காரர் விற்கும்போது இதைச் சொல்லவில்லை. 2 மடங்கு பார்லோ லென்ஸைக் குறுக்கே செருகினால் ஃபோகஸ் கிடைக்கும், நிலவும் இரண்டு மடங்கு பெரிதாகும். நண்பரின் 700 மி.மீ. குழாயில் அது 13 மி.மீ. ஆனது, சென்சாரின் சின்னப் பக்கத்துக்குள் அடங்கியது. தப்பித்தார். ஆனால் அது இன்னொரு செலவு.

அடுத்தது எடை. அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும் கேமரா பிளாஸ்டிக் ஃபோகஸ் குழாயில் தொங்கினால் குழாய் தலை குனியும். சொடுக்கும்போது கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி துள்ளும் அதிர்வு வேறு. லைவ் வியூவில் (திரையில் பார்த்து எடுக்கும் முறை) வைத்து இரண்டு விநாடி டைமர் போட்டால் குறையும். எங்கள் தெருமுனையில் கன்டெய்னர் லாரி திரும்பினாலே மாடியில் நிலவு குதிக்கும், அதை எந்த டைமரும் நிறுத்தாது. ஒரு கட்டைப்பையில் இரண்டு செங்கல் போட்டு ஸ்டாண்டின் நடுவில் தொங்கவிடுவேன். பாதி ஆட்டம் அடங்கும்.

லென்ஸ் வைத்த தொலைநோக்கி உங்களிடம் இருந்தால், அதில் உலோக ஃபோகஸ் குழாயும் இருந்தால், கேமராவும் வீட்டில் சும்மா கிடந்தால், யோசிக்கவே வேண்டாம், இதுதான். இதற்கென்று புதிதாக டிஎஸ்எல்ஆர் வாங்காதீர்கள். பர்மா பஜாரில் பழைய உடல் ஒன்று தேடி அலையவும் வேண்டாம். வாங்கும் காசில் குட்டிக் கேமரா வந்துவிடும்.

## குட்டிக் கேமரா

இதைக் கிரகக் கேமரா என்பார்கள். ஐபீஸ் அளவே இருக்கும், ஐபீஸ் இருக்கும் இடத்தில் செருகி யூஎஸ்பி வயரை மடிக்கணினியில் சொருகினால் வேலை செய்யும். எடை நூறு கிராம் சொச்சம். குழாய் தலை குனியாது, பெரும்பாலான ஆடிக் குழாய்களில் ஃபோகஸும் கிடைத்துவிடும். தொடக்க நிலைக் கேமரா சுமார் 6,000 ரூபாயில் ஆரம்பித்து 25,000 வரை போகும்.

இது படம் எடுப்பதில்லை, வீடியோ எடுக்கிறது. ஆயிரம் ஃபிரேம் எடுத்து, காற்று அடங்கிய நொடிகளில் வந்த நல்லவற்றைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது ஆட்டோஸ்டாக்கர்ட் என்னும் இலவச மென்பொருள். பிறகு ரெஜிஸ்டாக்ஸில் கூர்மையாக்கலாம், அதுவும் இலவசம். வெயில் முழுக்கக் குடித்த கான்கிரீட் மாடி ராத்திரி பத்து மணி வரை அனலை விட்டுக்கொண்டே இருக்கும். கண்ணுக்கு நிலவு கொதிக்கும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு மாதிரி தெரியும். அந்த அலைச்சலுக்கு நடுவே நல்ல நொடிகளைப் பிடித்துத் தருவது இது ஒன்றுதான். நம் ஊர் மாடிக்கு இந்த ஒரு குணம் போதும்.

குறை: சென்சார் மிகச் சின்னது. பலர் வாங்கும் வகையில் அது 4.8 × 3.6 மி.மீ. தம்பியின் 6 மி.மீ. நிலவு அதற்குள் அடங்காது, துண்டு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டும். தொலைநோக்கிக்கு மோட்டார் இல்லையென்றால் நிலவு ஓடிக்கொண்டே இருக்கும். 700 மி.மீ. குழாயில் சென்சாரின் நீளப் பக்கத்தைக் கடக்க ஒன்றரை நிமிஷம், 2 மடங்கு பார்லோ போட்டால் முக்கால் நிமிஷம். நான் அதை எதிர்ப்பதில்லை. கோப்பர்நிகஸை ஓரத்தில் வைத்துவிட்டுப் பதிவை அழுத்திக் கையை எடுத்துவிடுவேன். தானாகக் குறுக்கே நடந்து போகும், நடக்கும் வழி எல்லாம் பதிவாகும்.

மறைந்த செலவு இங்கேதான் அதிகம். மடிக்கணினி வேண்டும், அதில் வேகமான எஸ்எஸ்டி வேண்டும். 1280 × 960 அளவில் ஒரு ஃபிரேம் சுமார் 1.2 எம்.பி., ஆயிரம் ஃபிரேம் என்றால் 1.2 ஜி.பி. ஒரு சாயங்காலத்தில் பத்து வீடியோ எடுத்தால் மறுநாள் வன்தட்டு நிறைந்துவிட்டது என்று புலம்புவீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாடி வரை வர வேண்டும். பனி இறங்கும் மார்கழி ராத்திரியில் கரண்ட் வயரைத் தரையில் போடாதீர்கள், துணிக்கொடியில் சுற்றித் தூக்கிக் கட்டுங்கள். அப்புறம் நேரம். எடுக்க ஒரு மணி, அடுக்கக் கற்றுக்கொள்ள ஒரு மாதம். முதல் நாள் கிடைக்கும் படம் போனைவிட மோசமாகக்கூட இருக்கும், சொல்லிவிட்டேன்.

## தொலைநோக்கியே இல்லாமல்?

300 மி.மீ. ஜூம் லென்ஸ் இருந்தால் நிலவு 2.7 மி.மீ., அதே 24 மெகாபிக்ஸல் டிஎஸ்எல்ஆரில் 700 பிக்ஸல் குறுக்களவு. காசிமேட்டுப் படகுகளுக்கு மேல் பௌர்ணமி நிலவு எழும்புவதை எடுக்க இதுதான் சரி, தொலைநோக்கியில் அது முடியாது. பள்ளம் எண்ண இது உதவாது.

## ஒரே பார்வையில்

| | போன் + பிடிப்பான் | டிஎஸ்எல்ஆர் | குட்டிக் கேமரா |
|---|---|---|---|
| புதிய செலவு, ரூபாயில் | 500–2,000 | 1,500–3,000, கேமரா கையில் இருந்தால் | 6,000–25,000 |
| கூடவே தேவைப்படுவது | ஒன்றுமில்லை | பெரும்பாலும் பார்லோ, உறுதியான ஸ்டாண்டு | மடிக்கணினி, எஸ்எஸ்டி, மாடிக்குக் கரண்ட் |
| முழு நிலவு | நன்று | மிக நன்று | ஒட்ட வேண்டும் |
| ஒற்றைப் பள்ளம் | சுமார் | பரவாயில்லை | மிக நன்று |
| சின்ன ஆடிக் குழாயில் ஃபோகஸ் | சிக்கல் இல்லை | பல சமயம் கிடைக்காது | பெரும்பாலும் கிடைக்கும் |
| மாடியில் ஆகும் நேரம் | 15 நிமிஷம் | 40 நிமிஷம் | ஒரு மணிக்கு மேல் |

அட்டவணையில் வராத ஒரு செலவு உப்புக்காற்று. கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு இது நிஜம். என் பழைய ஆடியின் அலுமினியப் பூச்சு ஓரத்தில் கருக ஆரம்பித்தது, டிஎஸ்எல்ஆரின் உலோக இணைப்பில் பச்சை ஏறியது. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வைத்தால் ஐபீஸில் பூஞ்சை வராது. இறங்கி வந்ததும் ஈரத்தோடு மூடாதீர்கள், ஃபேனுக்கு அடியில் அரை மணி காயட்டும். விலை உயர்ந்த கருவி எவ்வளவோ, கவலையும் அவ்வளவு.

## யாருக்கு என்ன சொன்னேன்

பெரம்பூர் ஆசிரியைக்கு யோசிக்காமல் போன். நாற்பது பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது மடிக்கணினியைத் திறந்து உட்கார முடியாது. ஒவ்வொரு பிள்ளையும் தன் அம்மா போனிலேயே எடுத்துக்கொண்டு போனால் அடுத்த அஷ்டமிக்குத் தானாக வரும். கொருக்குப்பேட்டை நண்பருக்கு பார்லோவோடு டிஎஸ்எல்ஆர், அதுவும் கேமரா இருந்ததால்.

தம்பியிடம் ஏழாயிரத்தையும் கேமராவில் போடாதே என்றேன். ஆயிரத்துச் சொச்சத்தில் பிடிப்பான், மிச்சத்தில் அவன் ஸ்டாண்டுக்கு ஒரு வழி. கால் ஆடும் தொலைநோக்கியில் எந்தக் கேமராவும் ஆடும். ஆறு மாதம் போனில் எடுத்த பிறகும் "இன்னும் கிட்டப் போக வேண்டும்" என்று தோன்றினால் அப்போது குட்டிக் கேமரா. அவன் வீட்டு மடிக்கணினி அதற்குப் போதும். குறிபார்க்கும் குட்டித் தொலைநோக்கியான ஃபைண்டரைப் பகலிலேயே தூரத்துப் புகைபோக்கி ஒன்றைப் பார்த்து நேர்படுத்திக்கொள், சூரியன் பக்கம் மட்டும் குழாயைத் திருப்பவே கூடாது என்றும் சொன்னேன்.

போன அஷ்டமிக்கு மாடியில் சேர்ந்து நின்றோம். ஏழு மணிக்கு நிலவு உச்சியில் நின்றதால் குழாய் ஸ்டாண்டின் காலில் இடித்தது. ஒன்பது மணி வரை தண்ணீர்த் தொட்டியின் மறைவில் உட்கார்ந்து கதை பேசினோம். நிலவு மணலிப் பக்கம் இறங்கியதும் கடல்காற்றும் தணிந்தது. பதினேழு படம் எடுத்தான், மூன்று தேறின. ஒன்றில் அப்பென்னைன் மலைகளின் நிழல் பல் வரிசை மாதிரி விழுந்திருந்தது.

"சந்திரயான் இறங்கின இடம் இதுல தெரியுமா அண்ணா?" என்று கேட்டான். சந்திரயான்-3 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கியது தெற்கே 69 பாகையில், விளிம்பை ஒட்டி. அவன் குழாய் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நிலவில் மூன்று கிலோமீட்டருக்குச் சின்னதாக எதையும் பிரித்துக் காட்டாது, அதன் விக்ரம் லேண்டர் இரண்டு மீட்டர் அகலம்தான். விவரமாகச் சொன்னேன். "சரி, அந்தப் பக்கமாச்சும் காட்டு" என்றான். போனைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கண்ணால் ஐபீஸில் குனிந்தான். நான் அவன் பின்னால் நின்று குழாயைத் தெற்கே ஒரு மயிரிழை நகர்த்தினேன்.